இலங்கையின் கடன்: மண்ணடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை மண்ணடியில், தம்புச் செட்டித் தெருவில் சுங்கக் கிளியரிங் வேலை பார்ப்பவனிடம் கொழும்பு பற்றிக் கேள்விகள் வராத வாரம் இல்லை. சரக்கு அனுப்புகிறவர்கள் கேட்பார்கள். வங்கித் தேர்வுக்குப் படிக்கும் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் கேட்பார்கள். புழல் அகதி முகாமில் இருப்பவர்கள் அங்குள்ள சொந்தங்களுக்காகக் கேட்பார்கள். அடிக்கடி வருபவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் பொருளாதாரப் பேராசிரியர் இல்லை. என் கருத்து வரும் இடங்களில் அது கருத்து என்றே தெரியும்படி எழுதியிருக்கிறேன்.

நாடு எப்படித் திவால் ஆகும்? ஆளைப் போல நோட்டீஸ் கொடுக்க முடியுமா?

முடியாது. நாட்டுக்குத் திவால் நீதிமன்றம் கிடையாது, ஜப்தி செய்ய அமீனா வரமாட்டார். நடப்பது இவ்வளவுதான்: கட்ட வேண்டிய நாளில் தவணை கட்டவில்லை.

இலங்கை 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதிக்குத் தவணை கட்டுவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. மொத்த வெளிநாட்டுக் கடன் அப்போது சுமார் 5,100 கோடி டாலர். ஏப்ரல் 18 அன்று இரண்டு கடன் பத்திரங்களுக்கான வட்டி 7.8 கோடி டாலர் வர வேண்டியிருந்தது, வரவில்லை. 30 நாள் அவகாசம் மே 18 அன்று முடிந்தது. 1948இல் சுதந்திரம் பெற்ற பிறகு அந்த நாடு தவணை தவறியது அதுதான் முதல் முறை. உள்நாட்டுப் போர் நடந்த காலம் முழுவதும் கூடத் தவணை தவறியதில்லை.

7.8 கோடி டாலர் ஒரு நாட்டுக்குப் பெரிய தொகையே இல்லை. அது கூட இல்லை என்பதுதான் நிலைமை. பயன்படுத்தக்கூடிய டாலர் கையிருப்பு அந்த மே மாதத்தில் 5 கோடிக்கும் கீழே போயிருந்தது.

அளவுக்கு மீறிக் கடன் வாங்கியதுதான் காரணமா?

பாதிக் காரணம். ஜப்பான் அரசின் கடன் அதன் ஜிடிபியை (நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியை) போல இரண்டு மடங்குக்கு மேல். அங்கே யாரும் பெட்ரோல் பங்கில் ராத்திரி முழுக்க வரிசையில் நிற்கவில்லை. இலங்கையின் அரசுக் கடன் 2022 முடிவில் ஜிடிபியில் சுமார் 128 சதவீதம். அளவை மட்டும் பார்த்தால் ஜப்பான்தான் முதலில் விழுந்திருக்க வேண்டும்.

ஜப்பானின் கடன் யென்னில், பெரும்பாலும் சொந்த மக்களிடமும் சொந்த வங்கிகளிடமும் இருக்கிறது. இலங்கையின் கடனில் பெரும் பங்கு டாலரில். டாலரை கொழும்பில் அச்சடிக்க முடியாது. ஏற்றுமதி செய்தோ, சுற்றுலாப் பயணிகளை வரவழைத்தோ, வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் அனுப்பியோதான் அது வர வேண்டும். ஆகவே கடன் எவ்வளவு என்று கேட்கும்போதே, எந்த நாணயத்தில், யாரிடம், எப்போது திருப்ப வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அந்த டாலர் கடனின் தன்மையும் மாறியிருந்தது. ஒரு காலத்தில் உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஜப்பான் போன்றவர்கள் குறைந்த வட்டிக்கு நீண்ட காலக் கடன் கொடுத்தார்கள். இலங்கை நடுத்தர வருமான நாடு ஆன பிறகு அந்தச் சலுகை சுருங்கியது. 2007இல் முதல் முறையாகப் பன்னாட்டுச் சந்தையில் 50 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள், வட்டி 8.25 சதவீதம், தவணை ஐந்தே ஆண்டு. அதற்குப் பிறகு அதுவே பழக்கம் ஆனது. சந்தைக் கடனில் அசலை மொத்தமாக ஒரே நாளில் திருப்ப வேண்டும். அந்த நாளில் கையில் இருக்காது. இன்னொரு பத்திரம் வெளியிட்டு முந்தியதை அடைக்க வேண்டும். காசிமேட்டில் ஒரு தண்டல்காரருக்குக் கட்ட இன்னொரு தண்டல்காரரிடம் வாங்குகிற அதே கணக்குதான். இரண்டாவது ஆள் கையை விரிக்கும் வரை எல்லாம் சரியாகத்தான் தெரியும். 2020இல் தர மதிப்பீட்டு நிறுவனங்கள் இலங்கையின் தரத்தைக் கீழே இறக்கியதும் சந்தை கையை விரித்தது.

எல்லாவற்றுக்கும் கொரோனாதானே காரணம்?

கொரோனா அடித்தது உண்மை. அதற்கு முன்பே 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு சுற்றுலாவை அடித்தது. ஆனால் கொரோனா உலகத்தில் எல்லா நாட்டுக்கும்தான் வந்தது. இலங்கை அதற்குள் நுழைந்தபோது ஏற்கெனவே ஒரு காலில் நின்றுகொண்டிருந்தது. அந்தக் காலை ஒடித்தது 2019 டிசம்பரின் வரிக் குறைப்பு.

இது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம். 2019 நவம்பரில் கோத்தபய ராஜபக்ச அதிபர் ஆனார். தேர்தல் வாக்குறுதிப்படி டிசம்பர் 1 முதல் வாட் எனும் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆக்கினார்கள். ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் இலங்கை ரூபாய்க்கு மேல் விற்பவர் வாட் கட்ட வேண்டும் என்று இருந்த வரம்பை ஒரேயடியாக 30 கோடி ஆக்கினார்கள். சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் வரி போனது. தேச கட்டுமான வரி என்று ஒன்று இருந்தது, அதுவும் போனது. வரம்பை உயர்த்தியதுதான் விகிதத்தைக் குறைத்ததை விட மோசம் என்பது என் எண்ணம். விகிதத்தை ஒரு அறிவிப்பில் திரும்ப ஏற்றிவிடலாம். வரி வலையை விட்டு வெளியே போன வியாபாரியைத் திரும்பப் பதிவு செய்ய வைப்பது எவ்வளவு பாடு என்று ஜிஎஸ்டி வேலை பார்க்கிற எவரையும் கேட்டுப் பாருங்கள்.

2019இல் ஜிடிபியில் 12 சதவீதத்தை ஒட்டியிருந்த அரசு வருவாய் 2022இல் 8 சதவீதத்தை ஒட்டி வந்து நின்றது. உலகத்திலேயே மிகக் குறைந்த வருவாய் உள்ள அரசுகளில் ஒன்று. வந்த 100 ரூபாயில் 70 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போனது. மிச்சத்தில் சம்பளம், ஓய்வூதியம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ராணுவம் எல்லாம்.

பணம் இல்லையென்றால் அச்சடித்திருக்கலாமே?

அச்சடித்தார்கள். மத்திய வங்கி அரசின் குறுகிய காலப் பத்திரங்களை வாங்கிக் குவித்தது, அதாவது அச்சடித்த ரூபாயை அரசிடம் கொடுத்தது. அந்த ரூபாய் இறக்குமதிப் பொருளைத் துரத்தியது. அதன் விளைவு விலை. 2022 செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பொருளுக்கு மட்டும் 94.9. இனி இப்படிச் செய்யக் கூடாது என்று 2023இல் மத்திய வங்கிக்குப் புதிய சட்டமே கொண்டு வந்தார்கள்.

டாலர் எங்கேதான் போனது? வெளிநாட்டிலிருந்து எல்லாரும் அனுப்பிக்கொண்டுதானே இருந்தார்கள்?

மண்ணடிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன். 2021 பிற்பகுதியில் இலங்கை மத்திய வங்கி ஒரு டாலருக்கு 200 இலங்கை ரூபாய் சுற்றுவட்டத்தில் விலையைப் பிடித்து வைத்தது. வெளியே கொடுத்த விலை அதைவிட நன்றாகவே அதிகம். துபாயிலும் கத்தாரிலும் வேலை செய்பவர் வங்கி வழியாக அனுப்பினால் வீட்டுக்கு 200. உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலமாக, அனுப்பினால் கூடுதல். வீட்டில் பால்மாவு வாங்கக் காசு போதாத நேரத்தில் யார் வங்கிக்குப் போவார்கள்?

வங்கி வழியாக வந்த பணம் 2020இல் சுமார் 710 கோடி டாலர். 2022இல் 380 கோடி. ஆட்கள் குறையவில்லை, சம்பளம் குறையவில்லை, பாதை மாறியது. உண்டியலில் போன டாலர் நாட்டுக்குள் வரவே வராது. வெளிநாட்டில் ஒருவர் டாலரை வாங்கிக்கொள்வார், இலங்கையில் அவர் ஆள் ரூபாயைக் கொடுப்பார், டாலர் வெளியிலேயே ஏதாவது இறக்குமதிக்குச் செலவாகிவிடும். அரசு கெஞ்சியும் பார்த்தது, மிரட்டியும் பார்த்தது. 2022 மார்ச் 7 அன்று பிடியை விட்டார்கள். மே மாதத்துக்குள் டாலர் 360 ஆனது. பிடியை விட்டு, வெளி விலையும் வங்கி விலையும் நெருங்கிய பிறகு பணம் திரும்ப வங்கிக்கு வர ஆரம்பித்தது. 2023இல் சுமார் 600 கோடி.

இதில் எனக்கு வருத்தம் தருவது, பிடித்து வைத்த அந்த மாதங்களில்தான் இருந்த கொஞ்சநஞ்ச டாலரும் கரைந்தது. 2019 முடிவில் 760 கோடியாக இருந்த கையிருப்பு 2022 மார்ச்சில் 190 கோடியாகி, அதிலும் பெரும்பகுதி சீனாவுடனான நாணயப் பரிமாற்றக் கணக்கில் (இரு மத்திய வங்கிகள் தங்கள் நாணயத்தை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு) இருந்தது. எடுத்துச் செலவழிக்க முடியாதது. அதே ஆண்டு ஜனவரியில் கூட 50 கோடி டாலர் கடன் பத்திரத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து மருந்துக்கு டாலர் இல்லை.

ரசாயன உரத்துக்குத் தடை போட்டதும் இதில் சேருமா?

சேரும், ஆனால் பலர் நினைப்பது போல அது ஆரம்பம் இல்லை. 2021இல் இயற்கை விவசாயம் என்ற பெயரில் ஒரே இரவில் போட்ட தடை. உர இறக்குமதி டாலரை மிச்சப்படுத்துவதும் ஒரு நோக்கம் என்று அப்போதே பேசினார்கள். நெல் விளைச்சல் விழுந்தது, தேயிலை அடி வாங்கியது, மிச்சம் பிடித்ததை அரிசி இறக்குமதிக்குக் கொடுத்தார்கள். சில மாதங்களில் தடையை விலக்கிக்கொண்டார்கள்.

சீனாதானே கடன் வலையில் சிக்க வைத்தது? அம்பாந்தோட்டையை எழுதி வாங்கிக்கொண்டதே?

இந்தக் கேள்வி பெரும்பாலும் பதிலோடுதான் வருகிறது. கணக்கைப் பார்ப்போம். வெளிநாட்டுக் கடனில் சீனாவின் பங்கு, அதன் அரசு வங்கிகளையும் சேர்த்தால், ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. சந்தையில் விற்ற கடன் பத்திரங்கள் அதை விட நன்றாகவே அதிகம். அதை வைத்திருந்தவர்கள் நியூயார்க், லண்டன் முதலீட்டு நிறுவனங்கள். கழுத்தை நெரித்தது அந்தத் தவணைகள்.

அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது, 112 கோடி டாலருக்கு. அந்தத் தொகையால் துறைமுகக் கடன் ரத்தாகவில்லை. பணம் டாலர் கையிருப்பில் சேர்ந்தது, மற்ற கடன்களுக்கு உதவியது, துறைமுகத்துக்காக வாங்கிய சீனக் கடன் அப்படியே நின்றது. கடனுக்காகப் பறித்தார்கள் என்பது தவறு. அதற்காகச் சீனா நல்லவர் என்றும் சொல்ல வரவில்லை. வருமானம் தராத துறைமுகத்துக்கும் ஆள் வராத மத்தள விமான நிலையத்துக்கும் கடன் கொடுத்தவர் அவர்தான். கேட்டு வாங்கியவர் கொழும்பில் இருந்தார்.

ஐ.எம்.எஃப். (பன்னாட்டு நாணய நிதியம்) கொடுத்த பணத்தில் கடனை அடைத்தார்களா?

இல்லை. 2023 மார்ச் 20 அன்று ஒப்புதல் ஆன தொகை சுமார் 300 கோடி டாலர், அதுவும் நான்கு ஆண்டுகளில் தவணை தவணையாக. முதல் தவணை 33 கோடி. 5,100 கோடிக் கடனுக்கு முன்னால் இது எம்மாத்திரம்? ஐ.எம்.எஃப். பணத்தை விட அதன் கையெழுத்துக்குத்தான் மதிப்பு. அது சரி என்று சொன்னால்தான் மற்ற கடன்காரர்கள் பேச உட்காருவார்கள், உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் கொடுக்கும்.

பதிலுக்கு என்ன கேட்டது? வட்டிச் செலவைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் அரசின் வரவு, செலவை விட ஜிடிபியில் 2.3 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும், 2025 முதல். 2032க்குள் கடன் ஜிடிபியில் 95 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். மின்சாரத்தையும் எரிபொருளையும் அடக்க விலைக்குக் கீழே விற்கக் கூடாது. இதற்கு முன்னால் பதினாறு முறை ஐ.எம்.எஃப். வாசலுக்குப் போன நாடு அது. பல ஒப்பந்தங்கள் பாதியில் நின்றவை. இந்த முறை 2024இல் ஆட்சி மாறி அனுர குமார திசாநாயக்க வந்த பிறகும் திட்டம் தொடர்ந்தது. எதிர்க்கட்சியாக இருந்தபோது திட்டியவர்கள், கையில் கணக்குப் புத்தகம் வந்ததும் அதையே நடத்தினார்கள். நம் ஊரிலும் பார்க்காததா?

கடன் மறுசீரமைப்பு என்றால் தள்ளுபடியா? யார் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள்?

மூன்று தரப்பு, மூன்று விதம்.

முதலில் அரசுகள். இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் தலைமையில் கடன் கொடுத்த நாடுகளின் குழு ஒன்று அமைந்தது. 2024 ஜூன் 26 அன்று 580 கோடி டாலருக்கு உடன்பாடு. அசலில் ஒரு பைசா தள்ளுபடி இல்லை. வட்டியைக் குறைத்தார்கள், அசலைத் திருப்புவதை 2028 வரை தள்ளி, 2043 வரை நீட்டினார்கள். சீனா அந்தக் குழுவில் சேரவில்லை. அதன் எக்சிம் (ஏற்றுமதி இறக்குமதி) வங்கி சுமார் 420 கோடி டாலருக்குத் தனியாகப் பேசி முடித்தது.

அடுத்து பத்திரக்காரர்கள். 1,255 கோடி டாலர். இரண்டு ஆண்டு இழுத்து, 2024 டிசம்பரில் பழைய பத்திரத்தைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொண்டார்கள். அசலில் 27 சதவீதம் வெட்டு. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் பத்திரத்தில் ஒரு நிபந்தனை உண்டு: இலங்கைப் பொருளாதாரம் எதிர்பார்த்ததை விட நன்றாக வளர்ந்தால் வெட்டு குறையும், கொடுக்க வேண்டியது கூடும். நாடு எழுந்து நின்றால் அதிலும் பங்கு என்று அர்த்தம். விழுந்தால் வெட்டு கூடும் என்பதும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். என் பார்வையில், 2022 நடுவில் இந்தப் பத்திரங்களைச் சந்தையில் சல்லி விலைக்கு வாங்கி வைத்திருந்தவர் யாரும் இதில் நஷ்டப்படவில்லை.

மூன்றாவது தரப்பு உள்ளூர். அதற்குத் தனிக் கேள்வியே வேண்டும்.

உள்நாட்டில் யார் இழந்தார்கள்?

நம் ஊரில் பி.எஃப். என்பதை அங்கே ஊழியர் சேமலாப நிதி என்பார்கள். தோட்டத் தொழிலாளியிலிருந்து தையல் ஆலைப் பெண் வரை தனியார் துறையில் வேலை செய்பவர்களின் ஓய்வுக் காலப் பணம். அந்த நிதியின் பெரும்பகுதி அரசுக் கடன் பத்திரத்தில் போட்டிருந்தது.

2023 ஜூன் இறுதியில் அரசு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை அறிவித்தது. பீதியில் யாரும் பணத்தை எடுத்துவிடக் கூடாது என்று ஜூன் 30க்கு வங்கி விடுமுறை விட்டு, ஏற்கெனவே இருந்த விடுமுறைகளோடு சேர்த்து ஐந்து நாள் வங்கிகளை மூடிவைத்தார்கள். ஜூலை 1, சனிக்கிழமை, நாடாளுமன்றம் கூடி நிறைவேற்றியது. ஓய்வூதிய நிதிகள் கையிலிருக்கும் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு நீண்ட காலப் பத்திரம் வாங்க வேண்டும்: 2025 வரை 12 சதவீத வட்டி, பிறகு 9. மாட்டேன் என்றால் அந்த வருமானத்துக்கு 14 சதவீத வரிக்குப் பதிலாக 30 சதவீதம். விருப்பத்தின் பேரில்தான் என்று பெயர்.

வங்கிகள் வைத்திருந்த ரூபாய்க் கடன் பத்திரங்களைத் தொடவில்லை. அரசு சொன்ன காரணம், வங்கிகள் ஏற்கெனவே வராக்கடனிலும் வெளிநாட்டுப் பத்திர நஷ்டத்திலும் இருக்கின்றன, இன்னும் அடித்தால் வைப்புத்தொகை ஆடும் என்பது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. வங்கி விழுந்தால் சாதாரண ஆளின் சேமிப்பும் போகும். தனிப்பட்ட முதலீட்டாளர்களையும் விட்டுவிட்டார்கள். 2022 பிற்பகுதியில் குறுகிய காலப் பத்திரத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. கையில் பணம் இருந்தவர் அதை வாங்கிச் சம்பாதித்தார். சேமலாப நிதியில் இருந்தவருக்கு அந்த ஆண்டு கிடைத்தது 9 சதவீதம். பணவீக்கம் 70ஐத் தொட்ட ஆண்டில் 9 என்றால், சேமிப்பில் பெரும் துண்டு ஏற்கெனவே போயிருந்தது. அதற்கு மேல்தான் இந்த மறுசீரமைப்பு.

வெளிநாட்டுப் பத்திரக்காரருக்கு வக்கீல் உண்டு, நிதி ஆலோசகர் உண்டு, பேச்சுவார்த்தை மேஜை உண்டு. தையல் ஆலைப் பெண்ணுக்கு ஒரு வார இறுதி கூடக் கொடுக்கவில்லை. இந்தக் கடன் கதையில் எனக்குக் கோபம் வரும் இடம் இது ஒன்றுதான்.

அப்புறம் வரி. வாட் 2022இலேயே 8லிருந்து 12, பிறகு 15. 2024 ஜனவரியில் 18. மின் கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதம், 2023 பிப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம் ஏறியது. வருமான வரியும் ஏறியது, மருத்துவர்களும் பேராசிரியர்களும் போராடினார்கள், பலர் நாட்டை விட்டே போனார்கள். உலக வங்கிக் கணக்குப்படி 2021இல் 13 சதவீதமாக இருந்த வறுமை 2022இல் 25 ஆனது. நாலு பேரில் ஒருவர்.

வங்கியில் போட்ட பணத்தை அரசு எடுத்துக்கொண்டதா? என் அக்கா யாழ்ப்பாணத்தில் வைத்திருக்கிறார்.

எடுக்கவில்லை. வைப்புத்தொகையில் கை வைக்கவில்லை, ரூபாய் எண்ணிக்கையில் அப்படியே இருக்கிறது. அதை வைத்து வாங்கக்கூடியது குறைந்திருக்கிறது. அக்கா நகையாக வைத்திருந்தால் தப்பித்தார்.

இங்கிருந்து கப்பலில் போன அரிசி தானமா, கடனா?

தமிழ்நாடு அனுப்பியது உதவி. 2022 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள்: 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, உயிர்காக்கும் மருந்துகள், மொத்தம் 123 கோடி ரூபாய்க்கு. முதல் கப்பலை முதலமைச்சர் ஸ்டாலின் நம் துறைமுகத்திலிருந்து மே 18 அன்று கொடியசைத்து அனுப்பினார். 9,000 டன் அரிசி அதில் இருந்தது. இலங்கையின் 30 நாள் அவகாசம் முடிந்த அதே நாள் என்பது தற்செயல்தான்.

இந்திய அரசு 2022இல் கொடுத்தது வேறு வகை, சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு. எரிபொருள் வாங்க 50 கோடி, உணவு மருந்துக்கு 100 கோடி எனக் கடன் வரிசைகள் (வரம்புக்குள் வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடன்). 40 கோடி நாணயப் பரிமாற்றம். அவர்கள் நமக்குக் கட்ட வேண்டிய வர்த்தக பாக்கிக்கு அவகாசம். இவை திருப்ப வேண்டியவை. ஆனால் ஐ.எம்.எஃப். பணம் வருவதற்கு ஓர் ஆண்டுக்கு முன்பே வந்தவை. 2023 ஜனவரியில் கடன்காரர்களில் முதல் ஆளாக ஐ.எம்.எஃப்.புக்கு உறுதிக் கடிதம் கொடுத்ததும் இந்தியாதான். பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் நம் சுவரும் சுடும் என்ற சுயநலம் அதில் உண்டு. தனுஷ்கோடிக்கு 2022 மார்ச்சிலேயே படகுகள் வரத் தொடங்கிவிட்டன.

இப்போது கொழும்புக்குச் சரக்கு அனுப்பலாமா? காசு வருமா?

2022 தொடக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கன்டெய்னர்கள் கொழும்புத் துறைமுகத்தில் டாலர் இல்லாமல் கிடந்தன. எடுக்க ஆள் இருந்தும், ரூபாய் இருந்தும், வங்கியில் டாலர் இல்லை. டெமரேஜ் எனும் தாமதக் கட்டணம் சரக்கின் விலையைத் தின்றது. அந்த நிலைமை இப்போது இல்லை. எல்.சி. (பணம் வரும் என்று வங்கி தரும் உறுதிக் கடிதம்) திறக்கிறார்கள், டாலர் கிடைக்கிறது, கையிருப்பு 600 கோடிக்கு மேல் வந்தது. ஐந்து ஆண்டு அடைத்து வைத்திருந்த கார் இறக்குமதியையே 2025 பிப்ரவரியில் திறந்துவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருந்தாலும் என் பழக்கம் இது: புது ஆளுக்கு எல்.சி. இல்லாமல் அனுப்பாதீர்கள். பழைய ஆளானாலும் முழுக் கடனில் வேண்டாம். ரூபாய் வீழ்ச்சியில் அவர் நல்லவராக இருந்தும் கட்ட முடியாமல் போகலாம் என்பதைப் பலர் 2022இல் பார்த்தோம்.

பணவீக்கம் பூஜ்யத்துக்கே வந்துவிட்டதாம். அப்போ விலை பழையபடி ஆயிற்றா?

இல்லை. 2024 செப்டம்பரில் பணவீக்கம் பூஜ்யத்துக்கும் கீழே போனது உண்மை. 100 ரூபாய் பொருள் 200 ஆகி, அடுத்த ஆண்டு 200 ஆகவே நின்றால் பணவீக்கம் பூஜ்யம்தான். பொருள் 200தான். சம்பளம் 200 ஆகவில்லை. செய்தியில் சதவீதம் இறங்குகிறது, வீட்டில் ஏன் தெரியவில்லை என்று கேட்பவர்களுக்கு வேறு பதில் இல்லை.

பொருளாதாரம் 2022இலும் 2023இலும் சுருங்கி, 2024இல் 5 சதவீதம் வளர்ந்தது. அரசு வருவாய் ஜிடிபியில் 13 சதவீதத்தைத் தாண்டியது. நிஜமான எண்கள், குறைத்துப் பேச வேண்டியதில்லை. அந்த வருவாயில் பெரிய பங்கு சோப்பு வாங்குகிறவரும் ஃபோன் ரீசார்ஜ் செய்கிறவரும் கட்டிய வாட் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கணக்கு முழுமை.

தமிழ்நாட்டுக்கும் எட்டு லட்சம் கோடிக்கு மேல் கடன் இருக்கிறதே. நமக்கும் இதே கதி வருமா?

வராது, இதே வடிவில் வராது. மாநிலத்துக்குத் தனி நாணயம் இல்லை, தனி டாலர் கையிருப்பு இல்லை. வாங்குவது ரூபாயில், ரிசர்வ் வங்கி நடத்தும் ஏலத்தில். எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும், அரசமைப்புச் சட்டத்தின் 293வது பிரிவு. வெளிநாட்டுக் கடனும் டெல்லி வழியாகத்தான் வரும். சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்துக்கு ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜெய்க்கா யென்னில் கொடுத்தது அப்படித்தான். கடன் மாநில ஜிடிபியில் 26 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது.

ஆனால் கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டு, குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்றார். தெருவெல்லாம் அந்த எண்ணைத்தான் பேசியது. அதே அறிக்கையில் அதைவிட முக்கியமாகச் சொன்னது, மாநிலத்தின் வரி வருவாய் ஜிடிபியோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே வந்தது என்பது. அதை யாரும் பேசவில்லை. இப்போதும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு அளவு வட்டிக்குப் போகிறது. இலங்கையின் 70க்கு இது எவ்வளவோ தள்ளி இருக்கிறது. திசை எது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தியாவுக்கே ஒரு முறை இப்படி வந்ததாமே?

வந்தது, 1991இல். கையிருப்பு சில வார இறக்குமதிக்கு மட்டுமே இருந்தது. ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி, இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் அடகு வைத்துச் சுமார் 40 கோடி டாலர் வாங்கியது. ஜூலை முதல் வாரத்தில் இரண்டு தடவையாக ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள். ஐ.எம்.எஃப். நிபந்தனைகளும் வந்தன. தவணை தவறவில்லை, அதுதான் வித்தியாசம். அடகுக்குப் போகும் நிலை வந்தவுடனே போனார்கள். கொழும்பில் ஐ.எம்.எஃப்.புக்குப் போகலாமா வேண்டாமா என்று ஒன்றரை ஆண்டு பேசினார்கள்.

2028இல் மறுபடியும் விழுமா?

அரசுகளுக்கான முதல் தவணைகள் அப்போது ஆரம்பிக்கின்றன, ஆகவே எல்லோரும் அந்த ஆண்டைச் சொல்கிறார்கள். ஐ.எம்.எஃப். போட்ட கணக்குப்படி 2027 முதல் 2032 வரை வெளிநாட்டு நாணயக் கடனுக்கு ஆண்டுக்கு ஜிடிபியில் 4.5 சதவீதத்துக்குள் கட்ட வேண்டும். 4.5 என்பது சிறியதில்லை. அரசு வருவாய் 15 என்று வைத்தால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. மழை பொய்த்தால், எண்ணெய் விலை ஏறினால், சுற்றுலா ஒரு பருவம் படுத்தால் அந்தக் கணக்கு இடிக்கும்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மிச்சம்தான் டிசம்பர் தொடக்கத்தில் எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் கொட்டித் தீர்த்தது. இலங்கையில் மலைச்சரிவிலும் வெள்ளத்திலும் நூற்றுக்கணக்கானவர்கள் செத்துப் போனார்கள், சாலையும் பாலமும் ரயில் பாதையும் அடித்துப் போயின. இப்படி ஒன்று வந்தால் மற்ற நாடு கடன் வாங்கிக் கட்டும். கடன் வரம்போடு ஓடும் நாடு ஐ.எம்.எஃப்.பிடம் அவசர உதவி கேட்க வேண்டியிருந்தது. சுமார் 20 கோடி டாலர் கிடைத்தது. அந்த ஆண்டு உபரி எவ்வளவு, இலக்கு எவ்வளவு என்ற பேச்சையெல்லாம் தள்ளிவைத்துவிட்டுச் செலவழிக்க வேண்டும் என்பது என் கருத்து. பத்திரக்காரர்களோடு ஒப்பந்தம் போடும்போது புயலுக்கும் வெள்ளத்துக்கும் தவணையைத் தள்ளிப் போடும் ஷரத்தை வலுவாகக் கேட்டிருக்க வேண்டும். சில சிறு தீவு நாடுகள் அப்படி வாங்கியிருக்கின்றன, பார்படாஸ் ஒன்று.

சரி, எந்த எண்ணைக் கவனித்தால் முன்கூட்டியே தெரியும்?

ஒன்று மட்டும் சொல்லச் சொன்னால், வருவாயில் எத்தனை சதவீதம் வட்டிக்குப் போகிறது என்பது. இரண்டு கேட்டால், வங்கி டாலர் விலைக்கும் வெளி டாலர் விலைக்கும் உள்ள இடைவெளி. முதலாவது ஆண்டறிக்கையில் வரும். இரண்டாவதை மண்ணடியில் கேட்டாலே சொல்வார்கள், அறிக்கைக்கு ஆறு மாதம் முன்னால்.